வியப்பனார்

போர்டிக்சனில் சனிக்கிழமை என்றால், கோலாலம்பூர் கார்கள் லுக்குட்டைத் தாண்டி வரிசைகட்டுவதற்கு முன்பே வியப்பனாரின் கைப்பேசி விழித்துக்கொள்ளும். தெலுக் கெமாங் பக்கம் ஹோம்ஸ்டே எடுத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு செய்தி: ‘குட் மார்னிங்! பூல் ரெடி!’ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கு இன்னொன்று: ‘நோட்டட் சார்! டிகியூ!’ கோயில் நிர்வாகக் குழுவுக்கு: ‘மீட்டிங் அட் 5! பிளீஸ் கம்!’ சீன மெக்கானிக் காரை மாலைக்குள் தருவதாகச் சொன்னதற்கு: ‘ஓகே கேன்!’ குடியிருப்பில் தண்ணீர் நின்றுபோனால் அதற்கும்: ‘நோ வாட்டர் டுடே!’ பிள்ளை தேர்வில் தேறினாலும், பள்ளிக் கழிப்பறைக் கதவு கழன்றாலும், வாக்கியத்தின் வாலில் ஒரு கம்பும் அதன் கீழே ஒரு புள்ளியும் தவறாமல் நிற்கும். வியப்பனார் என்பது ஓர் ஆளின் பெயரல்ல, ஓர் இனத்தின் பெயர். இதில் ஆண்பாலும் உண்டு, பெண்பாலும் உண்டு. பெண்பாலுக்குக் கை சற்று தாராளம் என்பார்கள். தோட்டத்தின் எல்லையில் முனியாண்டி நிற்பதுபோல இவர் தம் வாக்கியத்தின் எல்லையில் ஒரு காவலை நிறுத்தி வைக்கிறார் என்பதால், முனியாண்டியைப்போலவே எல்லை காக்கும் அய்யனாரின் சாயலில் இந்தப் பெயர்.

அந்தக் குறியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். உயரமாக ஒரு மரம், அடியில் பால் பிடிக்கும் ஒரு மங்கு. தாத்தாவும் பாட்டியும் சுவா பெத்தோங்கிலோ பிராட்வாலிலோ சிலியாவிலோ விடியுமுன் நிரை பிடித்து வெட்டிய ரப்பர்ப் பால்மரம் அப்படியே பேரப்பிள்ளையின் கைப்பேசிக்குள் வந்து நிற்கிறது. மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் பல இடங்களில் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. ‘ஹேப்பி பர்த்டே!!!!!!!’ என்று அவர் அனுப்பும்போது மட்டும் ஒரு முழு நிரை மீண்டும் தளதளவென்று நிற்கிறது. சொட்டுவது பாலா பாசமா என்பதுதான் இங்கே கேள்வி. பாசம்தான் என்பது என் கட்சி. அதிலும் இலக்கணப்படி சொட்டும் பாசம்.

இவர் எதைக் கண்டும் வியப்பதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது வியப்பை மருட்கை என்கிறது; கண் அகலும், வாய் பிளக்கும். ஐந்து மணிக்குக் கூட்டம் என்பதில் மருள என்ன இருக்கிறது? மாதாமாதம் அதே மண்டபம், அதே ஐந்து மணி, அதே எட்டுப் பேர், அதே கரிப்பாப். கணிதக்காரரிடம் ‘5!’ என்று எழுதிக் காட்டினால் 5, 4, 3, 2, 1 எல்லாவற்றையும் பெருக்கி 120 என்பார். அவர் கூட்டத்துக்கு 120 மணிக்குத்தான் வருவார். சதுரங்கக்காரர் நல்ல நகர்வு என்று தலையாட்டுவார். சாலைப் போக்குவரத்துக்காரருக்கோ மஞ்சள் பலகையில் இருக்கும் அதே குறி ‘அவாஸ்’, அதாவது முன்னே ஆபத்து. வியப்பனாருக்கு இந்த மூன்றும் தெரியும். மூன்றையும் அவர் சொல்ல வரவில்லை. அவர் சொல்ல வருவது வேறு. அதைச் சொல்ல ஆங்கிலத்தில் அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

அவர் ஏன் ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்று கேட்பவர்கள் அவருடைய புலனக் (வாட்ஸ்அப்) குழுவை எட்டிப் பார்த்ததில்லை என்று பொருள். அதில் மலாய்க்கார மேலாளர் இருக்கிறார், சீன வியாபாரி இருக்கிறார், தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழைப் பேசத் தெரிந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத மருமகள் இருக்கிறார். மலாயில் எழுதினால் அரசாங்கக் கடிதத்தின் வாடை. தமிழில் எழுதினால் பாதிப் பேருக்குக் கோலம். ஆக, எல்லாருக்கும் பொதுவாக ஆங்கிலம். அங்கேதான் அவர் கை திக்குகிறது. தமிழில் ஒருவரை அழைப்பதற்கு எத்தனை வாசல்கள்! வா, வாடா, வாம்மா, வாப்பா, வாங்க, வாங்கண்ணே, வாருங்கள். வயது, உறவு, உரிமை, கெஞ்சல், பழைய மனத்தாங்கல் வரை எல்லாமே வினைச்சொல்லின் வாலில் தொங்குகின்றன. அது போதாதென்று மலாய் மண் கொடுத்த ‘லா’ வேறு. ‘சரிலா’ என்பதில் இருக்கும் சமாதானம் வெறும் ‘சரி’யில் இல்லை என்பது இந்த நாட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்திலோ ‘கம்’ ஒன்றுதான். ‘யூ’ ஒன்றுதான், அதற்குள் நீயும் உட்கார்ந்திருக்கிறது, நீங்களும் உட்கார்ந்திருக்கிறது. எது எழுந்து வரும் என்று தெரியாமல் வியப்பனார் தவிக்கிறார். ‘பிளீஸ் கம்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், ‘வந்து தொலை’ என்று தாமே சொன்னதுபோல அவர் காதில் விழுகிறது. புள்ளிக்கு மேலே ஒரு கோடு இழுத்ததும் அது ‘வாங்க’ ஆகிவிடுகிறது. இவர் போடுவது வியப்புக்குறியே அல்ல. ஆங்கிலத்தில் விடுபட்டுப்போன ‘ங்க’.

‘லா’வையே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஆக்ஸ்போர்டு அகராதியே அந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் ஆக்ஸ்போர்டு ஏற்றதைப் போர்டிக்சன் அலுவலகம் இன்னும் ஏற்கவில்லை. நண்பனுக்கு ‘கேன் லா’ சரி. வங்கி அதிகாரிக்கோ தலைமையாசிரியருக்கோ ‘கேன் லா’ என்று எழுத எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் தேறிய எந்தக் கையும் கூசும். ‘அண்ணே’, ‘தம்பி’ என்று சேர்க்கலாம். மலாய்க்கார மேலாளரை எப்படி அண்ணே என்பது? கும்பிடும் கைப் பொம்மையை அனுப்பலாம். அது பெரியவர்களிடம் விளையாட்டுத்தனம். கடைசியில் விசைப்பலகையில் மிஞ்சுவது, சட்டைக் கையை மடித்துவிடாத, முழுக்கால்சட்டை போட்ட ஒரே உணர்ச்சி இந்தக் குறிதான்.

இது ஏதோ நேற்று முளைத்த கைப்பேசிப் பழக்கம் என்று நினைத்தால் தொல்காப்பியரை மறந்துவிட்டோம் என்று ஆகிறது. இடைச்சொல் தனித்து நடக்காது, பெயரையும் வினையையும் அண்டியே பிழைக்கும் என்று வரையறுத்தவர், அவற்றுள் அசைநிலை என்று ஒரு வகையை வைத்தார். பொருள் எதையும் கூட்டாமல் சும்மா வந்து சேர்ந்துகொள்வது அது. அதிலும் எதிரே இருப்பவரிடம் பேசும்போது வருவதாக மதி, மியா, மோ, இக, இகும், சின் என்று ஆறைத் தனியே எடுத்துக் காட்டுகிறார். கேள் என்பது கேண்மியா ஆகும். உரை என்பது உரைமதி. மொழி என்பது மொழிமோ. கேள் என்பதற்கும் கேண்மியா என்பதற்கும் செய்தியில் வேறுபாடு இல்லை. ஆனால் முன்னிலையில் ஓர் ஆள் இருப்பதால்தானே அந்த வால் முளைக்கிறது? எதிரே ஆளில்லாத வாக்கியத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படவில்லையே? ஏவல் முகத்தில் அறையாமல் இருக்க அன்றைக்குச் சேர்த்த மெத்தைதான் அந்த அசை என்று நான் ஊகிக்கிறேன். இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும். அந்த ஆறும் வழக்கொழிந்துவிட்டன. ஏழாவதாக ஒன்று தெலுக் கெமாங்கில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதை ஒலிக்க முடியாது என்பது மட்டுமே குறை.

இவருடைய நேர் முன்னோரைத் தேடினால் தோட்டத்துக் கிராணியிடம் போய் நிற்போம். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஆங்கிலம் என்ற ஒற்றையடிப் பாலத்தில் நடந்தவர் அவர். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர் அல்லது மலையாளி. இரண்டு நாள் விடுப்புக் கேட்கும் கடிதத்தைக்கூட ‘ஐ ஹேவ் தி ஆனர் டு பி, சார், யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வெண்ட்’ என்று முடிப்பது அந்தக் காலத்து அலுவலக முறை. கேட்டது இரண்டு நாள். கும்பிட்டது இரண்டு வரி. அந்த வரிகள் செய்த வேலையைத்தான் இன்று ஒரு கம்பும் புள்ளியும் செய்கின்றன, மை மிச்சம். கிராணி இந்தக் குறியை அவ்வளவாகப் பயன்படுத்தாததற்கு அடக்கம் மட்டும் காரணமல்ல. பழைய ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் அதற்குத் தனி விசையே கிடையாது. ஒற்றை மேற்கோள் குறியை ஒருமுறை தட்டி, பின்னால் ஓரிடம் நகர்த்தி, அதன் அடியில் புள்ளியைத் தட்ட வேண்டும். அன்று ஒரு வியப்புக்கு மூன்று தட்டு. இன்று ஒரே அழுத்தில் முப்பது வியப்பு. அதற்கும் முந்தைய ஓலைச்சுவடியைக் கேட்கவே வேண்டாம். மெய்யெழுத்தின் புள்ளியையே வைக்காமல் விட்டு, படிப்பவர் தலையில் கட்டிய எழுத்துமுறை அது. அங்கே புள்ளியோடு கம்பையும் நட இடமேது?

ஆனால் கிராணியிடம் இருந்து வந்தது பணிவு மட்டுமே. உற்சாகம் வேறு வழியாக வந்தது. அது தமிழ்ச் சுவரொட்டியிலிருந்து வந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீசையோ பொதுக்கூட்ட அறிவிப்பையோ நினைத்துப் பாருங்கள். ‘வருக! வருக!!’ என்று இரண்டாவது வருகைக்கு இரண்டு குறி, ‘அனைவரும் வாரீர்!!!’ என்று மூன்றாவதற்கு மூன்று. படிக்கட்டு ஏறுவதுபோல அது ஏறும். ஆங்கிலத்தில் இந்தக் குறி இருப்பதே கொஞ்சம் வெட்கக்கேடு என்று பள்ளி ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழிலோ இது இல்லாத அழைப்பிதழ் துக்க அறிவிப்புப்போல இருக்கும். தமிழ் இலக்கணப் புத்தகங்கள் இதற்கு வியப்புக்குறி என்றதோடு நிற்காமல் உணர்ச்சிக்குறி என்றும் பெயர் வைத்தது தற்செயலல்ல. மகிழ்ச்சி, அச்சம், அவலம், விளி என்று எல்லாச் சரக்கையும் அந்த ஒரே வண்டியில் ஏற்றினோம். வியப்பனார் எழுதுவது ஆங்கில எழுத்து. நிறுத்துவது தமிழ் நிறுத்தம். இதைத் தவறான ஆங்கிலம் என்பவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் நல்லவர்களே. இது கத்தல், படித்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள் என்பது அவர்கள் வழக்கு. கட்டுரைக்கும் அறிக்கைக்கும் அது பொருந்தும். புலனச் செய்தியோ எழுத்து வேடம் போட்ட பேச்சு. 2006-இல் கேரல் வாசலெஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், நூலகத்துறையினர் மின்னஞ்சல் உரையாடல்களில் இட்ட 200 வியப்புக்குறிகளை எடுத்து வைத்துப் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலானவை பரபரப்பைக் காட்டவில்லை. நட்பைக் காட்டவோ சொன்ன செய்தியை அழுத்தவோதான் வந்தன. அவற்றை இட்டவர்களில் பெண்களே அதிகம். உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்ற பழைய பழியை அந்த ஆய்வு அப்படிக் கழற்றிப் போட்டது. 2015-இல் வெளியான பிங்கம்டன் பல்கலைக்கழக ஆய்வு மறுமுனையிலிருந்து பேசியது. 126 மாணவர்களிடம் குறுஞ்செய்திப் பரிமாற்றங்களைக் காட்டியபோது, ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி இருந்தால் அதில் மனமில்லை என்று மதிப்பிட்டார்கள். அதே பதில் காகிதத்தில் கையால் எழுதியிருந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ‘நோட்டட்.’ என்று வந்த செய்தியைப் பார்த்து, ‘என்னமோ கோவமா இருக்காங்க போல’ என்று வியப்பனார் வீட்டில் சொன்னால், அவருக்கு மனப்பிராந்தி என்று சொல்ல முடியாது. நியூயார்க் மாநிலத்து மாணவர்களுக்கும் அதே நோய்.

இன்னொரு தடை இன்னும் கூர்மையானது. எல்லாவற்றுக்கும் போட்டால் எதற்கும் மதிப்பிருக்காதே, காசை அச்சடித்துக் குவித்ததுபோல ஆகிவிடாதா? இதற்குப் பதில் ‘ங்க’விடமே இருக்கிறது. நாள் முழுக்க ‘வாங்க, போங்க, சொல்லுங்க’ என்கிறோம். அதனால் ‘ங்க’வின் மதிப்புக் குறைந்துவிட்டதா? ஒரு நாள் அதை விட்டுப் பாருங்கள், மாமியார் வீட்டில் என்ன நடக்கிறதென்று. விகுதி என்பது வந்தால் தெரியாது, வராவிட்டால் தெரியும். வியப்பனாரின் முதல் குறி அப்படி விகுதியாகிவிட்டது. அதை யாரும் எண்ணுவதில்லை. எண்ணப்படுவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். அங்கே அந்தத் தடைக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அண்ணன் மகளுக்கு ஐந்து, தங்கை மகளுக்கு மூன்று என்று பிறந்தநாள் வாழ்த்தில் குறைந்துபோனால், அடுத்த கல்யாணத்தில் முகம் திரும்பும். மொய்ப்பணக் கணக்கைப்போல இதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் மனத்துக்குள் ஓடுகிறது. ஐந்து வாங்கியவர் ஐந்துக்குக் குறையாமல் திருப்பியாக வேண்டும். இந்த மேல்குறிகளை நான் ஆதரிக்கவில்லை.

இவர் உண்மையிலேயே சறுக்கும் இடம் துக்கம். குழுவில் ஒரு மரணச் செய்தி வரும். வியப்பனாருக்கு உண்மையாகவே நெஞ்சு பதைக்கும். ‘டீப்பஸ்ட் கண்டோலன்சஸ்!!! ரெஸ்ட் இன் பீஸ் அங்கள்!!!’ என்று அனுப்பிவிடுவார். தமிழ் இலக்கணம் அவர் பக்கம்தான்; ‘ஐயோ!’ என்று எழுதும்போது நாம் போடுவதும் இதே உணர்ச்சிக்குறி. ஆனால் ஆங்கிலக் கண்ணோடு படிக்கும் மருமகளுக்கு, அங்கள் லாட்டரியில் வென்று ஓய்வெடுக்கப் போனதுபோலத் தெரிகிறது. தோட்டத்துக்குத் தந்தி வந்தால் பிரித்துப் படிக்கும் முன்பே அழுகை தொடங்கிய காலம் ஒன்று இருந்தது. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் தந்தியில் அலங்காரம் ஏதுமில்லை. அதன் மொட்டைத்தனமே துக்கத்துக்குப் பொருத்தமாக இருந்தது. இந்த ஓர் இடத்தில் வியப்பனார் தந்திக்காரராக மாறிவிடலாம். ஆங்கில இரங்கலில் கம்பு வேண்டாம், புள்ளி போதும். அல்லது தமிழிலேயே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதிவிட்டால் எந்தக் குறியும் தேவையில்லை.

இவ்வளவு பேசியும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வராத விஷயம் அது. இந்தக் குறி மேட்டை நோக்கியே பாய்கிறது. தோட்டத்துப் படிவரிசையில் தொழிலாளி தண்டலுக்கும், தண்டல் கிராணிக்கும், கிராணி துரைக்கும் சலாம் வைத்தார்கள். துரை பதிலுக்குத் தலையை அசைத்தால் அது பெரிது. இன்றைய புலனத்தைத் திறந்து பாருங்கள். ஹோட்டல் வரவேற்பு மேசையிலிருந்து மேலாளருக்கு, ‘குட் மார்னிங் சார்! ரிப்போர்ட் சென்ட் சார்! எனிதிங் எல்ஸ் சார்!’ மேலாளரிடமிருந்து ஒரே எழுத்து, ‘கே’. அதே மேலாளர் தலைமையகத்துக்கு எழுதும்போது அவருடைய கம்புகளும் முளைத்துவிடுகின்றன: ‘ஷுர் டத்தோ! வில் டூ!’ யார் யாருக்கு எத்தனை போடுகிறார் என்று பார்த்தாலே யார் யாருக்குக் கீழே என்று தெரிந்துவிடும். அலுவலகப் படிவரிசையைத் தனியாக வரைந்து மாட்ட வேண்டியதில்லை. இது பொய்ப் பாசம் என்று சிலர் சொல்வதற்குக் காரணமும் இதுதான். பாசம் பொய்யல்ல, பயத்தோடு கலந்திருக்கிறது. கலப்பைப் பிரிப்பது அனுப்புகிறவரின் கையில் இல்லை. ‘கே’ என்ற ஓரெழுத்தைப் பார்த்துவிட்டு, தாம் என்ன தவறு செய்தோம் என்று இரவு பதினொரு மணிக்குப் பழைய செய்திகளை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருப்பவரிடம் போய், குறியைக் குறைத்து எழுதுங்கள், கம்பீரமாக இருங்கள் என்று அறிவுரை சொல்வது சுலபம். சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மேலே யாரும் இருப்பதில்லை.

ஆகவே என் விண்ணப்பம் வியப்பனாருக்கு அல்ல, அவருடைய செய்தியை வாங்கிக்கொள்ளும் மேலாளர்களுக்கும் தலைவர்களுக்கும் டத்தோக்களுக்கும். நீங்கள் மூன்று கம்பு நட வேண்டாம். பொம்மை அனுப்ப வேண்டாம். சார் என்றவரைத் திருப்பி சார் என்று அழைக்கவும் வேண்டாம். அடுத்த முறை ‘நோட்டட்.’ என்று எழுதி அனுப்பும் முன் விரலை அரை நொடி நிறுத்துங்கள். புள்ளியை ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள். அதன் மேலே ஒரு கோடுதான் பாக்கி.